பச்சைத் தண்ணீர் தெளிந்த வரலாறு



தொலைக்காட்சியில் வரும் அமெரிக்கப் படங்களில் வீட்டுக்குப் பின்புறம் நீல நிறத்தில் ஒரு நீச்சல் குளம் இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். "சார், அந்தத் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலக்கிறார்களா?" என்று பள்ளிப் பிள்ளைகள் நம்மைக் கேட்பதுண்டு. அப்படி எதுவும் கலப்பதில்லை. தொட்டியின் சுவரும் தரையும் வெளிறிய நிறத்தில் இருந்து, தண்ணீரும் தெளிந்திருந்தால், ஆழத்தில் நீலம் தானாகவே தோன்றும். அந்த நீலம் பச்சையாக மாறுவதற்கு நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாட்களே போதும். ஆனால், பச்சையை மறுபடி நீலமாக்கும் வழியைக் கண்டுபிடிக்க மனிதனுக்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. அந்த அறிவு எங்கிருந்து வந்தது, வந்த பிறகு யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதைத்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

நம் நாட்டில் வெயிலையும் மழையையும் தவிர வேறு பருவத்தை நாம் அறியோம். அமெரிக்காவின் வட மாநிலங்களான நியூ ஜெர்சி, ஓஹாயோ, மிச்சிகன் போன்ற இடங்களில் ஆண்டில் நான்கைந்து மாதம் கடுங்குளிர். அக்காலத்தில் நீச்சல் குளத்தைத் தடித்த விரிப்பால் மூடி, நீர் இறைக்கும் இயந்திரத்தையும் நிறுத்திவிடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் வசந்தம் வருகிறது. பனி உருகி, மரங்கள் துளிர்க்கும் வேளையில் வீட்டுக்காரர் விரிப்பை நீக்கிப் பார்த்தால், கீழே இருப்பது குளமா, கஞ்சித் தொட்டியா என்று ஐயம் தோன்றும். அடியில் அழுகிய இலை, மேலே பச்சைப் பசேலென்ற தண்ணீர். இலையுதிர் காலத்தில் போட்ட மருந்தின் வீரியம் குளிர்காலத்திலேயே போய்விடுகிறது. வெயில் ஏறித் தண்ணீர் வெதுவெதுப்பானதும் பாசி தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது.

பாசி நமக்குப் புதியதா என்ன? லயத்துத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பிலும், மழைக்காலத்தில் வாசற்படிச் சிமெண்டிலும் படர்ந்து காலை வழுக்கிவிடும் அதே இனம்தான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உயிராகக் காற்றிலும் மழையிலும் வந்து விழுகிறது. வெளிச்சமும், தண்ணீரும், காற்றிலுள்ள கரியமில வாயுவும், கொஞ்சம் உணவும் கிடைத்தால் போதும். அழுகிய இலையிலிருந்தும், புல்வெளிக்குப் போட்ட உரம் மழையில் கரைந்து வருவதிலிருந்தும் அந்த உணவு கிடைக்கிறது. உரம் வைத்த பால்மரக் கன்று எப்படித் தழைக்கிறதோ அப்படித் தழைக்கிறது. இதற்காகப் பாசியைப் பகையென்று எண்ணிவிட வேண்டா. உலகில் உண்டாகும் பிராணவாயுவில் ஏறத்தாழப் பாதி, கடலிலும் மற்ற நீர்நிலைகளிலும் வாழும் இத்தகைய நுண்ணுயிர்களால்தான் உண்டாகிறது. குளிக்கும் தொட்டியில் அது வளர்வதுதான் தொல்லை. வழுக்கலைத் தருவதோடு, கலங்கிய நீரில் மூழ்கும் குழந்தையைக் கரையில் நிற்பவர் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. கிருமிகளைக் கொல்லப் போடும் மருந்தையும் அதுவே உண்டு தீர்த்துவிடுகிறது.

பழங்காலத்தார் அறிந்திருந்த வழி ஒன்றே ஒன்று. கெட்ட நீரைத் திறந்துவிட்டுப் புது நீரை நிரப்புவது. சிந்து வெளியில், இன்றைய பாகிஸ்தானில் உள்ள மொகஞ்சதாரோவில், ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட பெருங்குளியல் தொட்டியை 1920களில் அகழ்ந்தெடுத்தார்கள். சுமார் 40 அடி நீளம், 23 அடி அகலம், 8 அடி ஆழம். செங்கல்லை நெருக்கமாக அடுக்கி, நீர் கசியாதபடி நிலக்கீல் பூசி, ஒரு மூலையில் நீர் வெளியேற மதகும் வைத்திருக்கிறார்கள். மருந்து எதுவும் அறியாத காலத்தில் அந்த மதகே அவர்களுடைய மருந்து எனலாம்.

19-ஆம் நூற்றாண்டு வரையிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இங்கிலாந்தில் 1846-இல் குளியலறைகள், துணி துவைக்கும் கூடங்கள் பற்றிய சட்டம் ஒன்று வந்தது. தொழிற்சாலை ஊர்களில் ஏழை மக்கள் குளிப்பதற்கென்று பொதுக் குளங்கள் கட்டப்பட்டன. வாரத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ நீரை மாற்றுவார்கள். நேயர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். புது நீர் நிரப்பிய நாளில் நுழைவுக் கட்டணம் அதிகம். நாள் போகப் போக, நீர் கலங்கக் கலங்கக் கட்டணமும் குறையும். கையில் காசு இருந்தவர் தெளிந்த நீரில் குளித்தார். ஆலையில் உழைத்த கூலிக்காரர் வாரக் கடைசியில், மற்றவர் அழுக்கெல்லாம் கலந்த நீரில் இறங்கினார். இது பல ஊர்களில் வழக்கமாகவே இருந்தது. எழுதி வைத்த விலைப்பட்டியலே அதற்குச் சாட்சி.

நீரை மாற்றாமலே தெளிய வைக்கும் முதல் வழி மணல். ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்னும் ஊரில் ஜான் கிப் என்பவர் துணி வெளுக்கும் தொழிற்சாலை வைத்திருந்தார். தொழிலுக்குத் தெளிந்த நீர் தேவைப்பட்டதால், 1804-இல் மணலிலும் சரளையிலும் நீரை வடிகட்டினார். மிகுந்த நீரை ஊராருக்கு விற்றார். 1829-இல் இலண்டனில் ஜேம்ஸ் சிம்ப்சன் என்னும் பொறியாளர் தேம்ஸ் ஆற்று நீரைப் பெரிய மணற்படுகையில் வடித்தார். இன்று அமெரிக்க வீட்டுக் கொல்லையில் உருண்டையான ஒரு கலன் நிற்கிறதே, அதற்குள் பெரும்பாலும் இருப்பது இதே மணல்தான்.

ஆனால் பாசி மிக நுண்ணியது. மணலின் இடுக்கில் நழுவிவிடும். அதற்குப் படிகாரம் உதவியது. இதை விளக்க நமக்குப் புத்தகம் தேவையில்லை. பால் கொட்டகையில் என்ன நடக்கிறது? வாளியில் வந்த பாலைத் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் கலந்து, பார்மிக் ஆசிட்டை விடுகிறோம். பாலில் மிதக்கும் நுண்ணிய ரப்பர்த் துகள்கள் எல்லாம் ஒரே வகை மின்னூட்டம் உடையவை. ஆகவே, ஒன்றை ஒன்று விலக்கிக்கொண்டு தனித்தனியே நிற்கின்றன. அமிலம் அந்த விலக்கும் ஆற்றலைப் போக்கிவிடுவதால் துகள்கள் ஒன்றுகூடிக் கட்டியாகின்றன. கலங்கிய நீரில் படிகாரம் செய்வதும் இதுவே. தனித்தனியே மிதந்த அழுக்கும் பாசியும் பஞ்சு போலத் திரண்டு அடியில் படியும், அல்லது மணலில் சிக்கும். பால்மரம் வெட்டும் நம் மக்கள் நாள்தோறும் செய்துவந்த வேலைக்கும், பெருநகரங்களின் குடிநீர் நிலையத்துக்கும் அடிப்படை ஒன்றே.

அடுத்தது மயில்துத்தம். இது திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்த கதை. பிரான்சு நாட்டின் போர்டோப் பகுதியில் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர் பறித்துத் தின்றுவிடுவதால், தோட்டக்காரர்கள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து ஓரத்துக் கொடிகளில் தெளித்து வைப்பார்கள். பார்த்தவன் நஞ்சென்று அஞ்சி ஓடுவான். 1880களில் திராட்சைக் கொடிகளைப் பூஞ்சண நோய் தாக்கியபோது, அந்த ஓரத்துக் கொடிகள் மட்டும் பசுமையாக நின்றதைப் பேராசிரியர் மில்லார்டே கவனித்தார். 1885-இல் அதை மருந்தாக உலகுக்கு அறிவித்தார். திருடனுக்குப் பூசியது நோய்க்கு மருந்தாயிற்று! பின்னர் 1904-இல் அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த மூர், கெல்லர்மேன் என்னும் இருவர், ஏரி நீரில் மிகச் சிறிதளவு மயில்துத்தம் கலந்தால் பாசி மடியும் என்று எழுதினார்கள். கோணிச் சாக்கில் மயில்துத்தத்தைக் கட்டி, படகின் பின்னே நீரில் இழுத்துக்கொண்டு ஏரி முழுதும் சுற்றி வருவார்கள். இன்றும் நீச்சல் குளத்துப் பாசி மருந்துகள் சிலவற்றில் செம்பு உண்டு. அளவு மிஞ்சினால் மீனுக்கு ஆகாது. குளிப்பவரின் வெளிர்நிறத் தலைமயிரும் பச்சையாகிவிடும். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு இது வாடிக்கையான துன்பம். நம் கருமயிருக்கு அந்தக் கவலை இல்லை.

எனினும் எல்லாவற்றிலும் முதன்மை பெற்றது குளோரின். சுவீடன் நாட்டு ஷீலே 1774-இல் இந்த வாயுவை உண்டாக்கினார். இதனை ஒரு தனிமம் என்று காட்டி, 1810-இல் பெயரிட்டவர் ஹம்ப்ரி டேவி. வெளிறிய பச்சை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. பச்சையை ஒழிக்கும் மருந்துக்குப் பச்சை என்றே பெயர் அமைந்ததை எண்ணினால் நமக்குச் சிரிப்பு வருகிறது. 1799-இல் கிளாஸ்கோ நகரின் சார்லஸ் டென்னன்ட் இந்த வாயுவைச் சுண்ணாம்பில் ஏற்றிப் பொடியாக விற்க உரிமை பெற்றார். அதுவரை துணியை வாரக்கணக்கில் வெயிலில் விரித்து வெளுத்தவர்கள் அந்தப் பொடியால் நாட்கணக்கில் வெளுத்தார்கள். 1847-இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவர்கள் அந்தப் பொடி கரைத்த நீரில் கை கழுவ வேண்டும் என்று கட்டளையிட்டார். தாய்மார்களின் சாவு வெகுவாகக் குறைந்தது. 1897-இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோன் ஊரில் டைபாய்டு காய்ச்சல் பரவியபோது தண்ணீர்க் குழாய்களை அதனால் சுத்தம் செய்தார்கள்.

பெரிய திருப்பம் 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் ஏற்பட்டது. நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜெர்சி நகருக்கு நீர் வழங்கும் பூன்டன் ஏரியில், டாக்டர் ஜான் லீல் என்பவர், ஜார்ஜ் புல்லர் என்னும் பொறியாளர் அமைத்த சாதனத்தின் வழியாக, நாள்தோறும் குளோரின் கலக்கத் தொடங்கினார். பத்து இலட்சம் பங்கு நீருக்கு ஒரு பங்குக்கும் குறைவான அளவே. மக்கள் குடிக்கும் நீரில் இரசாயனமா என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. ஏற்கெனவே நடந்துவந்த வழக்கு நீதிமன்றத்தில் சூடு பிடித்தது. லீல் தாமே அந்த நீரைக் குடிப்பதாகவும் தம் குடும்பத்தாருக்கும் கொடுக்கத் தயார் என்றும் சாட்சி சொன்னார். 1910-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக நகரங்கள் பின்பற்றின. ஓரிரு ஆண்டுகளில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிரௌன் பல்கலைக்கழக நீச்சல் குளத்திலும் இந்தப் பொடியைப் போட்டுப் பார்த்தார்கள். வாரம் ஒரு முறை நீரை மாற்றும் பழக்கம் மெல்ல மறையத் தொடங்கியது.

இதே குளோரின்தான் 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்பர் நகருக்கருகே ஜெர்மானியப் படை காற்றில் திறந்துவிட்ட நச்சுப் புகையும் ஆகும். தாய்மார்கள் இதைக் கட்டாயம் மனத்திற்கொள்ள வேண்டும். துணி வெளுக்கும் மருந்தையும், கழிவறை கழுவும் ஆசிட்டையும் ஒருநாளும் ஒன்றாகக் கலக்காதீர்கள். கலந்தால் அந்தப் போர்க்களத்துப் புகையே சிறிய அறைக்குள் எழும்பும்.

இனி வசந்தகாலத்து வேலைக்கு வருவோம். அனுபவமுள்ளவர் மருந்தை முதலில் எடுப்பதில்லை, வலையை எடுப்பார். அழுகிய இலை கிடக்கும் குளத்தில் குளோரினைக் கொட்டினால் அது இலையோடு போராடியே தீர்ந்துபோகும். இலையை அள்ளியபின் நீண்ட கழி மாட்டிய தூரிகையால் சுவரையும் படிக்கட்டையும் தேய்ப்பார். பாசியின் மேல் வழுவழுப்பான ஒரு போர்வை இருப்பதால், தேய்க்காவிட்டால் மருந்து உள்ளே இறங்காது. பிறகு நீரில் அமிலம் மிகுதியா, காரம் மிகுதியா என்று சொட்டு மருந்தால் பார்ப்பார். பி.எச். என்னும் அளவு 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் இருக்க வேண்டும். காரம் மிகுந்து 8-ஐத் தாண்டினால் போட்ட குளோரினில் கால்பங்குகூடச் சரியாக வேலை செய்யாது. இதெல்லாம் முடிந்து பொழுது சாய்ந்த பிறகே மருந்தை மிகுதியாகப் போடுவார். காரணம், குளோரினுக்குச் சூரியனே பெரிய பகை. நல்ல வெயிலில் ஒரு மணி நேரத்திற்குள் பாதிக்கு மேல் அழிந்துவிடும். 1950களின் பிற்பகுதியில் சயனூரிக் அமிலம் என்னும் பொருளைச் சிறிது கலந்தால் வெயிலிலிருந்து குளோரினைக் காக்கலாம் என்று கண்டார்கள். வீட்டுக் குளங்கள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். அன்றிரவு முழுதும், மறுநாளும் இறைக்கும் இயந்திரம் நிற்காமல் ஓட வேண்டும். விடிந்ததும் பச்சை சாம்பல் நிறமாக மாறியிருந்தால் பாசி மடிந்தது என்று பொருள். அடியில் படிந்ததை உறிஞ்சி எடுத்து, மணலை எதிர்ப்புறமாக நீர்விட்டுக் கழுவி, மறுபடியும் தேய்த்து, மறுபடியும் மருந்திட்டு, நீர் நீலமாக மூன்று நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம்.

வீட்டுக்கு வீடு குளம் வந்தது எப்படி? 1907-இல் சிகாகோ நகரப் பொருட்காட்சிசாலையில் இறந்த விலங்குகளைப் பதப்படுத்தி உயிருள்ளவை போல நிறுத்தும் கலைஞரான கார்ல் ஏக்லி, கட்டடத்தின் முகப்பைப் பூசுவதற்காகச் சிமெண்டைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சும் கருவி ஒன்றைச் செய்தார். பிற்காலத்தில் அவ்வழியில் குழியைத் தோண்டிச் சிமெண்டைப் பீய்ச்சி, விரும்பிய வடிவில் குளம் அமைத்தார்கள். 1950-இல் அமெரிக்காவில் தரையில் பதித்த குளமுடைய வீடுகள் சில ஆயிரமே. அந்நூற்றாண்டின் முடிவில் அவை சுமார் 40 இலட்சம்.

சிமெண்டும் மருந்தும் மட்டும் இதற்குக் காரணமல்ல. அமெரிக்க நகரங்களின் பொதுக் குளங்கள் தொடக்கத்தில் ஏழைத் தொழிலாளர்க்காகவே கட்டப்பட்டவை. 1920களுக்குப் பின் ஆணும் பெண்ணும் குடும்பமாகக் குளிக்கத் தொடங்கியபோது, கறுப்பின மக்கள் உள்ளே வரக்கூடாது என்னும் தடை வலுத்தது. தண்ணீர் அழுக்காகிவிடும் என்று சொன்னார்கள். கிருமிக்கு மருந்து கண்டவர்களே இப்படிச் சொன்னார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். 1949 ஜூன் 21 அன்று செயின்ட் லூயிஸ் நகரின் பேர்கிரவுண்ட் பூங்காக் குளத்தில் கறுப்பினச் சிறுவர்கள் முதன்முறையாக இறங்கினார்கள். வெள்ளையர் கூட்டம் வேலிக்கு வெளியே திரண்டது, மாலைக்குள் கலவரமாயிற்று. மறுநாளே பழைய தடை திரும்பியது. அடுத்த ஆண்டு நீதிமன்றம் தடையை நீக்கியதும், வெள்ளையரில் மிகப் பலர் அந்தக் குளத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டனர். 1959-இல் மாண்ட்கோமரி நகரம், கறுப்பினத்தாரோடு சேர்ந்து பயன்படுத்த மனமில்லாமல், தன் பூங்காக்கள் அத்தனையையும் குளத்தோடு மூடிவிட்டது. பொதுக் குளத்தை விட்டு விலகியவர்களில் வசதியுள்ளோர் தம் கொல்லையில் தனிக் குளம் வெட்டிக்கொண்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டுத் தோட்டங்களிலும் துரைமார் கிளப்புகளில் குளம் இருந்த காலம் உண்டு. பாசி தேய்த்தவர் யார், இறங்கிக் குளித்தவர் யார் என்பதை வயதில் மூத்தவர்கள் அறிவார்கள்.

1964 ஜூன் 18 அன்று புளோரிடா மாநிலத்தின் செயின்ட் அகஸ்டின் ஊரில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். வெள்ளையருக்கு மட்டுமான ஒரு தங்கும் விடுதியின் குளத்தில், கறுப்பினத்தாரும் அவர்களுக்குத் துணைநின்ற வெள்ளையரும் ஒன்றாகக் குதித்தார்கள். விடுதி மேலாளர் உள்ளே ஓடி, குளத்து ஓடு கழுவவும் நீரின் காரத்தைக் குறைக்கவும் வைத்திருந்த அமிலத்தைக் கொண்டுவந்து, அவர்கள் நீந்திக்கொண்டிருந்த நீரில் ஊற்றினார். அவ்வளவு நீரில் அது வலுவிழந்துவிடும் என்று அறிந்த ஒருவர், அஞ்சிய மற்றவர்களுக்காக ஒரு வாய் நீரைக் குடித்துக் காட்டினார் என்பர். காவலர் உடையோடு நீரில் குதித்து அவர்களைக் கைது செய்தார். அந்தப் படங்கள் உலகெங்கும் பத்திரிகைகளில் வந்தன. மறுநாள் அமெரிக்க மேல்சபை குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஜூலை 2-இல் அது சட்டமாயிற்று. எனினும் 1971-இல், குளத்தை அடியோடு மூடிவிடுவது ஒரு நகரின் உரிமை என்று, ஜாக்சன் நகர வழக்கில் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நீந்தக் கற்க இடமில்லாமல் வளர்ந்த தலைமுறையின் விளைவு இன்றும் தொடர்கிறது. அந்நாட்டில் நீச்சல் குளங்களில் மூழ்கி இறக்கும் பிள்ளைகளில் கறுப்பினப் பிள்ளைகளின் விகிதம் வெள்ளையினப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு அதிகம்.

கடைசியாக, தேய்க்க ஆளில்லாத குளத்தின் கதை ஒன்று. 2007-இல் கலிபோர்னியாவில் வீட்டுக் கடன் கட்ட முடியாமல் ஏராளமான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. மின்சாரம் நின்றது, இயந்திரம் நின்றது, கொல்லைக் குளங்கள் பச்சையாயின. நம் ஊர் டிங்கிக் கொசு தெளிந்த நீரை நாடும். அங்குள்ள வேறோர் இனம் இத்தகைய பச்சை நீரில்தான் பெருகும். அது 1999-இல் அமெரிக்காவுக்குள் நுழைந்த மேற்கு நைல் காய்ச்சலைப் பரப்பியது. கெர்ன் மாவட்டத்தில் அந்தக் கோடையில் நோயாளிகள் முந்திய ஆண்டைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு ஆயினர். பேக்கர்ஸ்பீல்டு நகரின்மேல் விமானத்தில் பறந்து பார்த்தபோது, கண்ணில் பட்ட குளங்களில் 17 விழுக்காடு பச்சையாக இருந்தன. பூட்டிக் கிடந்த வீடுகளின் வேலியைத் தாண்டிச் சென்ற சுகாதார ஊழியர்கள், அந்தக் குளங்களில் மருந்து தெளித்தார்கள். கொசுப் புழுவைத் தின்னும் சிறு மீன்களையும் விட்டார்கள்.